பேசும் பெட்டியும் ஒரு பழைய கொப்பியும்

ஹுன்னஸ்கிரியவில் மூடுபனி இறங்குவதைக் கண்ணாற் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பெருவழியில் தெல்தெனியாவைக் கடந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கீழே விட்டு மேலேறினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளில் அமர்ந்திருக்கும் சிற்றூர் இது. பிற்பகலானதும் தேயிலைச் சரிவுகளின்மேல் வெண்மை படரும். முதலில் தூரத்து மலை மறையும். அடுத்து நிழல் மரங்கள். பிறகு லயங்களின் கூரை. இறுதியில் நம் முற்றத்துக் கொய்யா மரம். என் பார்வையும் ஒரு மூடுபனியிலேதான் மறைந்தது. ஆனால் அந்தப் பனி தூரத்திலிருந்து வரவில்லை, ஓரங்களிலிருந்து வந்தது. மலைப்பனி மறுநாட் காலையிற் கலைந்துவிடும், இது கலையவில்லை.

‘குளுக்கோமா’ என்று வைத்தியர்கள் சொல்லும் கண் அழுத்த நோய் எனக்கு. கண்ணினுள் ஊறும் நீர் வடிந்து செல்லும் வழி தடைப்பட, உள்ளே அழுத்தம் மிகுந்து, கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பு சிறிது சிறிதாக நலிவடைகிறது. பெரும்பாலும் வலியே இராது. ஓரப் பார்வை முதலிற் போய், நடுப்பார்வை நெடுநாள் நிற்பதால், நோயாளி தான் நன்றாகவே காண்பதாக நம்பிக்கொண்டிருப்பான். போன பார்வை திரும்புவதில்லை. எஞ்சியதைக் காக்கவே சொட்டு மருந்து. அம்மருந்தை நான் ஒழுங்காக இட்டேனா என்றால், இல்லை. ஒழுங்கைப் பற்றி மாணவர்களுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் போதித்தவன், ஒரு நாளைக்கு இரண்டு சொட்டு மருந்துக்குச் சோம்பல்பட்டேன். யாரையும் குறைகூற எனக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் அச்செழுத்து என்னைவிட்டு அகன்றுவிட்டது.

நான் தமிழாசிரியன். இலக்கணம் என் பெருமை. இப்போது சொல்வதானால், என் செருக்கு. என் மனைவியும் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பித்தவள். ஆனால் அவளுக்கு வேறொரு பித்து இருந்தது. மாலை வேளைகளில் லயங்களுக்குச் சென்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அடுப்படியில் அமர்ந்திருக்கும் முதிய பெண்களிடம் பாட்டுக் கேட்பாள். தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு, கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும் பாட்டு, எதையும் விடமாட்டாள். கேட்டதைச் சீ.ஆர். கொப்பிகளில் எழுதிவைப்பாள். இவ்வகைப் பாடல்களின் அருமையை உணர்ந்து தொகுத்தவர்களில் முன்னவர் சி. வி. வேலுப்பிள்ளை என்பதை மலையக வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவருடைய தொகுப்பு 1983இல் வெளிவந்தபோது என் மனைவி அதை வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தாள். நான் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, “எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, இதை எந்தப் பாவில் அடக்குவது?” என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவளும் தன் கொப்பிகளை என்னிடம் காட்டியதில்லை.

2003ஆம் ஆண்டில் மகன் எங்களுக்கு ஒரு மேசைக் கணினி வாங்கித் தந்தான். நான் அதன் பக்கம் போகவில்லை. அவள் ஐம்பது வயதுக்குமேல் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கி, ஓராண்டுக்குள் பத்து விரல்களாலும் தட்டினாள். கொப்பிகளில் இருந்த பாடல்களையெல்லாம், யார் சொன்னது, எந்த லயம், எந்த ஆண்டு என்ற குறிப்புகளோடு பெட்டிக்குள் ஏற்றினாள். ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால், ‘சும்மா’ என்பாள். ஒருநாள் எல்லாவற்றையும் ஒருமிக்க வாசித்து, பிழை திருத்தி, நல்லதொரு முன்னுரையும் எழுதித் தந்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 2014இல் அவள் காலமானாள். அதன்பிறகும் அந்த ‘ஒருநாள்’ வரவில்லை. கண் போனபிறகுதான் அதற்கு அவசரம் வந்தது.

‘பார்வையுள்ள ஒருவரை வாசிக்கச் சொல்லியிருக்கலாமே’ என்று வாசகர் கேட்பது புரிகிறது. சொன்னேன். கொப்பிகளின் தாள்கள் இந்த மலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. கணினியில் இருந்ததை அயல்வீட்டுச் சிறுவன் சில நாள் வாசித்தான். ஒப்பாரியைச் செய்தியறிக்கைபோல் வாசித்துவிட்டு, “தாத்தா, கிரிக்கெட் தொடங்கிட்டுது” என்று ஓடிவிடுவான். அவன்மேற் பிழையில்லை. வத்தளையிலிருக்கும் மகள் விடுமுறைக்கு வரும்போது வாசிக்க முன்வந்தாள். நானே தடுத்துவிட்டேன். அந்தப் பக்கங்களில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்குமோ என்ற கூச்சம். பிள்ளையின் வாயால் அதைக் கேட்க மனம் துணியவில்லை.

2019ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, என்னிடம் முன்னாளிற் படித்த ஒருவர் தம் உறவினரான இளைஞரை அழைத்துவந்தார். பிறவியிலேயே பார்வையற்றவர். 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்ற மிஷனரி அம்மையாரால் தொடங்கப்பெற்ற இரத்மலானைப் பாடசாலையிற் பயின்று, அப்போது கண்டியில் ஒரு கந்தோரில் தொலைபேசி இயக்குநராக இருந்தார். மடுகொடப் பக்கம் ஊர். வாரமுடிவில் மஹியங்கனை பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர் இடையில் இறங்கி வந்திருந்தார். வந்து அமர்ந்ததும், தேநீருக்கும் காத்திராமல், “சேர், கம்பியூட்டர் எங்க இருக்கு?” என்றார். சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு பென் டிரைவை எடுத்துப் பெட்டியிற் செருகினார். ஏறுநிரலில் சில சுரங்கள் ஒலித்தன. பிறகு ஒரு குரல் பேசியது. மனிதக் குரல் அன்று. தகரத்தினுள் சிக்கிய வண்டு தமிழ் கற்றாற்போன்ற ஒரு குரல். “இதுதான் சேர் என்.வி.டி.ஏ. இனிமே இது உங்க கண்ணாடி” என்றார்.

அன்று பாடம் ஒன்றுதான். விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரு விசைகளின்மேல் சிறு மேடுகள் உண்டு. எண் விசைகளின் நடுவிலுள்ள ஐந்தின்மேலும் உண்டு. பார்வையுள்ள காலத்தில் அவற்றை யான் கவனித்ததேயில்லை. சுட்டுவிரல்கள் அங்கே அமர்ந்தால் மற்ற விரல்கள் தத்தம் இடத்தைத் தாமே கண்டுகொள்ளும். சுட்டி எனப்படும் எலியை அவர் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அம்பைக் காண முடியாதவனுக்கு எலி எதற்கு? ‘இன்சேர்ட்’ விசையோடு ஒன்று என்ற எண்ணைத் தட்டினால், அதன்பின் எந்த விசையைத் தொட்டாலும் அது தன் பெயரைச் சொல்லுமேயன்றி வேறொன்றும் செய்யாது. குழந்தைக்கு எழுத்தறிவிப்பதற்கு இதைவிட நல்ல மணற்பரப்பு இல்லை. ஒரு வாரம் அதிலேயே விளையாடினேன். ‘இன்சேர்ட்’டும் கீழ்நோக்கிய அம்பும் சேர்ந்தால் தொடர்ந்து வாசிக்கும், ‘கொன்ட்ரோல்’ விசையைத் தொட்டால் வாயை மூடும். இந்த இரண்டாவது விசையைத் தான் முதலிற் கற்கவேண்டும் என்று தம்பி சொன்னார். ஏனெனில் பேசத் தொடங்கிய இயந்திரத்துக்கு நிறுத்தத் தெரியாது. மேடைப் பேச்சாளர்கள் சிலருக்கும் இவ்விசை இருந்தால் நன்று.

இந்த இயந்திரம் எதைப் பார்த்து வாசிக்கிறது? திரையைப் பார்த்து அன்று என்பதே எனக்குப் பெரும் வியப்பு. அதற்கும் கண் கிடையாது. திரையில் தோன்றும் ஒவ்வொரு பொத்தானுக்கும், பெட்டிக்கும், இணைப்புக்கும் பின்னால், ‘நான் இன்னது, என் பெயர் இது’ என்று ஒரு சீட்டுக் கட்டப்பட்டிருக்கவேண்டும். திரைவாசிப்பான் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி, குரல் எழுப்பும் பொறியிடம் கொடுக்கிறது. செய்தவன் பொறுப்பாகச் சீட்டுக் கட்டியிருந்தால் கிணற்று நீர்போல் தெளிவாக வரும். அழகான படத்தை மட்டும் வரைந்துவிட்டுச் சீட்டை மறந்துவிட்டான் என்றால், “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்ற ஒரே பாட்டுத்தான். ஒருமுறை ஒரு விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பப் புகுந்து, பதினொரு பெயரில்லாப் பெட்டிகளைக் கடந்து, பிறந்த தேதியைத் தொலைபேசி எண்ணுக்குரிய இடத்தில் எழுதிவிட்டேன். பெயரில்லாத கதவுகள் நிறைந்த கச்சேரியில் அலைவதுபோன்ற அனுபவம் அது. பார்வையற்றோரின் உரிமைகளையும் உள்ளடக்கிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியிருக்கிறது; அந்தக் கையொப்பம் படிவத்தின் பெட்டி வரை இன்னும் இறங்கி வரவில்லை.

கண்ணில்லாதவர்க்காகப் பொறி செய்வது புதிதன்று. 1808ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பெலக்ரீனோ தூரி என்பவர், பார்வையிழந்த ஒரு பிரபு வமிசத்துப் பெண்மணி தம் கைப்பட மடல் எழுதுவதற்கென்று ஓர் எழுத்துப்பொறி செய்துகொடுத்தார். பொறி அழிந்தது, அதில் அவள் எழுதிய மடல்கள் சில எஞ்சியுள்ளன. கந்தோர்க் குமாஸ்தாக்கள் தட்டச்சுப் பொறியைத் தமதென்று எண்ணுகிறார்கள். அதன் தொடக்க முயற்சிகளில் ஒன்று ஓர் இருள் வீட்டிலிருந்து வந்தது. அடுத்து, 1824இல், பதினைந்து வயதுச் சிறுவனான லூயி பிரெயில், ஆறே புள்ளிகளில் எழுத்து முழுவதையும் அடக்கினான். நம் தமிழ் பிரெயில், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் ஒழுங்குசெய்யப்பெற்ற பாரதி பிரெயில் முறையைச் சார்ந்தது. தம்பி அதைத் தாளின்மேல் விரல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் வாசிப்பார். எழுபதைக் கடந்த என் விரல்நுனிகளுக்குப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆகையால் செவியே எனக்குக் கதியாயிற்று.

கணினி பேசத் தொடங்கிய வரலாற்றைத் தம்பி சொல்லக் கேட்டதே எனக்குத் தெரியும்; பிறகு நானே தேடி வாசித்தும் அறிந்தேன். டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் விபத்தொன்றிற் பார்வையை இழந்தவர், கணினி கற்று, 1989இல் ‘ஜோஸ்’ என்ற திரைவாசிப்பானை வெளியிட்டார். அக்காலத்துத் திரையில் வெறும் எழுத்துகளே வரிவரியாக நின்றன, வாசிப்பது எளிது. சில ஆண்டுகளில் படமும் சாளரமுமாகத் திரை மாறியபோது, உலகமெல்லாம் ‘ஆகா, எத்தனை எளிது’ என்று மகிழ, பார்வையற்றோர் வாசற்படியில் நிறுத்தப்பட்டார்கள். அந்தக் கதவு மீண்டும் திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. திறந்த பின்பும் நுழைவுக் கட்டணம் பெரிது: ஏறத்தாழ ஆயிரம் டொலர். கணினியின் விலையைவிட அதைப் பேசவைக்கும் விலை அதிகம்! ஹுன்னஸ்கிரியவில் ஆயிரம் டொலர் என்பது பேச்சுக்குக்கூட வராத தொகை.

அந்த அநியாயத்தைக் கண்டு மனம் பொறாதவர் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். தாமும் பார்வையற்றவர். 2006இல் படிப்பை இடைநிறுத்திவிட்டு, எவரும் விலையின்றிப் பெறத்தக்க ஒரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற மற்றொரு பார்வையற்ற இளைஞர் சேர்ந்துகொண்டார். இருவரும் சிறுவயதில், பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமிற் சந்தித்த நண்பர்கள். அந்த ஆக்கமே தம்பியின் சட்டைப்பையில் பயணம் செய்துவந்த என்.வி.டி.ஏ. அதனைப் பல நாட்டுத் தொண்டர்கள் தத்தம் மொழிகளில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள், தமிழிலும் பெயர்த்திருக்கிறார்கள். வண்டுக் குரலுக்கும் ஒரு கதையுண்டு. ஜோனதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1995இல் தம் வீட்டுக் கணினிக்காகத் தொடங்கிய பேச்சுப்பொறி அது. ‘ஈஸ்பீக்’ என்று பெயர். மனிதர் பேச்சைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டாமல், ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்குவதால் மிகச் சிறிய இடத்தில் பற்பல மொழிகளை அடக்கிவிடுகிறது. இனிமையைத் தான் அடக்க முடியவில்லை.

விண்டோஸ் கணினிகளில் ‘வள்ளுவர்’ என்ற பெயருடன் மனிதச் சாயலுள்ள ஒரு தமிழ் ஆண்குரல் கிடைக்கிறது. அதைத் தம்பி எனக்குப் பின்னர் அமைத்துத் தந்தார். சில நாள் கேட்டுவிட்டு நான் வண்டிடமே திரும்பிவிட்டேன். காரணம் விந்தையானது. வள்ளுவர் நிதானமாகப் பேசுகிறார். பழகிய செவிக்கு அந்த நிதானம் தாங்குவதில்லை. வண்டின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் எழுத்துப் பிசகுவதில்லை. தம்பி அதை ஓட்டும் வேகத்தில் நமக்கு மழை பெய்வதுபோற் கேட்குமேயன்றி மொழியாகக் கேளாது.

எந்தப் பொறியானாலும் தமிழ் அதற்கு ஒரு சோதனைதான். நம் ககரம் ஓரிடத்தில் வல்லோசை, ஓரிடத்தில் மெல்லோசை, சகரமும் அப்படியே. இடத்தைக் கொண்டு ஒலியை அறிய விதியுண்டு. அந்த விதியைப் பொறி கற்றிருக்கிறது. ஆனால் வடசொல்லும் வேற்றுப்பெயரும் வந்தால் விதி என்ன செய்யும்? ‘பாவம்’ என்று எழுதினால் தீவினையா, நாட்டியக்காரியின் முகபாவமா என்று அதற்குத் தெரியாது. காந்தியைக் கடினமான ககரத்தோடு அழைக்கிறது. நான் ஆசிரியனாயிற்றே, தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் “தவறு!” என்று உரக்கச் சொல்லித் திருத்துவேன். தம்பி கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, தம்பியும் இல்லை. அந்நாட்களிற் பாடம் தொலைபேசியில் நடந்தது. ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் வண்டு. நான் தட்டும் விசையின் பதிலை அவர் தொலைபேசி வழியே கேட்டு, “சேர், நீங்க இப்ப வேற ஜன்னலுக்குப் போயிட்டீங்க. திரும்பி வாங்க” என்பார். கண்ணில்லாத ஒருவர் கண்ணில்லாத மற்றொருவரைப் பல மைல்களுக்கு அப்பாலிருந்து கைபிடித்து நடத்தினார். தமிழ் எழுதுவது மட்டும் எனக்குச் சிரமமாயிருக்கவில்லை. இளமையில் தமிழ்த் தட்டச்சுப் பழகியவன் நான். அந்த ரெங்கநாதன் விசையொழுங்கையே அடியொற்றி இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008இல் தமிழ் விசைப்பலகைக்குத் தரம் வகுத்தது என்பதால், என் விரல்கள் நாற்பதாண்டு நினைவை மீட்டுக்கொண்டன.

ஓராண்டு கழிந்தபின் ஒருநாள், துணிவு வந்து, மனைவியின் கோப்பைத் திறந்தேன். பழைய பெட்டியிலிருந்து மகன் எடுத்துப் புதியதில் வைத்திருந்தான். தலைப்பைக் கேட்டேன், ஆங்கிலத்தில் ‘சோங்ஸ்’ என்றது. கீழ்நோக்கிய அம்பை அழுத்தினேன். வண்டு தமிழும் பேசவில்லை, ஆங்கிலமும் பேசவில்லை. தொண்டையில் முள் சிக்கியவன்போல் முனகியது. ஓரெழுத்தாக நகர்ந்து கேட்டேன். “ஜே... கே... பி... ஓ... செமி.” மறுவரி. “எம்... கே... செமி... கே... எச்.” நானூறு பக்கமும் அப்படியே. அவள் தட்டியதெல்லாம் அழிந்துவிட்டதென்றே நம்பினேன். அன்றிரவு உணவு செல்லவில்லை.

மறுநாள் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து அந்த எழுத்துகளை ஒப்புவித்தேன். ஒரு கணமும் தயங்காமல், “சேர், அது பாமினி. முதல் சொல் ‘தமிழ்’. அடுத்தது ‘அம்மா’” என்றார்.

இங்கே சிறிது விளக்கவேண்டும். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சிறிய ‘ஜே’ என்பதற்கு எண் 106. தமிழுக்குத் தனி எண்கள் பரவலாக வழங்காத காலத்தில், அறிஞர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 106ஆம் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குரிய உருவத்தை மட்டும் ‘த’ என்று வரைந்துவிட்டார்கள். கேயின் சட்டையை மகரம் அணிந்தது. ஓவின் சட்டையை ழகரம் அணிந்தது. ‘செமிக்கோலன்’ மெய்யெழுத்தின் புள்ளியாயிற்று. இவ்வாறான எழுத்துருக்களில் இலங்கையில் மிகப் பரவியது பாமினி. கண்ணுள்ளவன் பார்த்தால் திரையில் தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளின் குப்பை. உலகப் பொதுமுறையான யூனிக்கோட்டில் தகரத்துக்கு 2980 என்று அதற்கே உரிய எண் உண்டு. அந்த எண்ணைக் கண்டால்தான் திரைவாசிப்பான் ‘த’ என்று சொல்லும். வேடம் கண்ணை ஏமாற்றும். எண்ணை மட்டும் கேட்கும் செவியை ஏமாற்ற முடியாது. பாமினியைப் பழிக்க நான் முன்வரமாட்டேன். அது இல்லாதிருந்தால் என் மனைவி எழுதியிருக்கவே முடியாது. ஆயினும் நம் நாட்டுக் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் அந்த வேடத்தில் உறங்கும் பக்கங்கள் எத்தனை என்று எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. தம்பி கோப்பை எடுத்துச் சென்றார். மாற்றுவது அவ்வளவு நேரான காரியமும் அன்று. ‘கெ’ என்ற எழுத்தில் நாம் கொம்பை முன்னே எழுதுகிறோம். பாமினியில் அதை முன்னே தட்டவேண்டும். யூனிக்கோட்டில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக எண்கள் நிற்கும். தட்டும்போது கைதவறிய இடமெல்லாம் கொம்பு அநாதையாக நிற்கும். 2022 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாற்றிய கோப்போடு வந்தார். தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டும் விட்டார். “தனியா கேளுங்க சேர்” என்று மட்டும் சொன்னார்.

முதற் பாட்டுக்கு மேல் அவள் எழுதிய குறிப்பைக் கேட்டேன். வண்டுதான் வாசித்தது, ஆனால் சொற்களை அடுக்கிய முறை அவளுடையது. சிறு சிறு வாக்கியங்கள். ஒரு பாட்டைச் சொன்ன கிழவி, சொல்லும்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளாம். ஆகையால் அவள் கண்ணீர் பாட்டுக்கா வெங்காயத்துக்கா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு குறிப்பில் “வநய அயமநச” என்று வந்தது. ஏதோ பழைய மந்திரமென்று எண்ணி, வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கினேன்; வநயம் என்பது விநயத்தின் திரிபோ என்றுகூட யோசித்தேன். மாலையில் தம்பியை அழைத்துக் கேட்டால், அவர் எழுத்தெழுத்தாகத் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “டீமேக்கர், சேர்!” தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தரின் பதவிப் பெயரை அவள் ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறாள், மாற்றும் கருவி அதையும் பாமினி என்று கருதித் தமிழாக்கிவிட்டது. முப்பத்தாறு ஆண்டு இலக்கணத்துக்கு நல்ல பரிசு.

மின்வெட்டு நாட்டை வாட்டிய காலம் அது. அம்மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. என் மேசைப் பெட்டிக்கு இல்லை. பட்டியலிட்ட நேரத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தாலாட்டு வந்தது. அதன் அடிக்குறிப்பு: “இதை எனக்கு அம்மா பாடினாள். நான் என் பிள்ளைகளுக்குப் பாடினேன். இவர் பள்ளிக்கூடத்துக்குப் போன பின்புதான்...”

அவ்விடத்தில் மின்சாரம் போயிற்று.

அயல்வீடுகளில் மெழுகுவர்த்தி தேடும் ஓசை கேட்டது. எனக்கு மெழுகுவர்த்தியால் ஆவதொன்றில்லை. மேசையின் முன்பே அமர்ந்திருந்தேன். அந்த வாக்கியத்துக்கு நான் எத்தனையோ முடிவுகள் கட்டிப் பார்த்தேன். சில என்னைத் தப்பவைத்தன. நள்ளிரவை நெருங்கி மின்சாரம் வந்தது. பெட்டி விழித்தெழுந்து, சுரங்களை ஒலித்து, நான் கோப்பைத் திறந்து, அறுபது பக்கங்களையும் தாண்டி அந்த வரியைத் தேடிப் பிடித்தேன். “இவர் பள்ளிக்கூடத்துக்குப் போன பின்புதான் பாடுவேன். எதுகை பிசகினால் இவருக்குப் பிடிக்காது.”

கோபம் இல்லை அந்த வரியில். குறை சொல்லும் தொனியும் இல்லை. வெங்காயத்தைப் பற்றி எழுதிய அதே எழுத்து. வண்டுக்கோ தொனி என்பதே கிடையாது. மீண்டும் மீண்டும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொல்லிற்று. பார்வையுள்ள ஒருவர் இதை எனக்கு வாசித்திருந்தால், இந்த இடத்திற் குரலைத் தாழ்த்தியிருப்பார், அல்லது என்மேல் இரக்கப்பட்டுத் தாண்டிப்போயிருப்பார்.

மறுநாட் காலை வத்தளைக்குத் தொலைபேசி எடுத்தேன். “உன் அம்மா உனக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறாளா?” என்று கேட்டேன்.

“ஆமா அப்பா. தினமும் பாடுவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுப் பாடினாள். கோப்பிலுள்ள பாட்டே அது; ஆனால் இரண்டாம் அடியில் ஒரு சொல் வேறாக இருந்தது. தாய் தட்டியது சரியா, மகள் பாடியது சரியா? பழைய ஆசிரியன் விழித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லப் பார்த்தான். ‘கொன்ட்ரோல்’ விசை அவனுக்கும் உண்டென்று அன்றறிந்தேன். இரண்டையும் எழுதினேன், ஒன்றன்கீழ் ஒன்றாக.

அன்றுமுதல் இதுவே என் வேலை. காலையில் இரண்டு மணித்தியாலம், மின்சாரமிருந்தால் மாலையிலும். அநாதைக் கொம்புகளை உரிய எழுத்தோடு சேர்க்கிறேன். வநய அயமநசக்களைக் கண்டுபிடிக்கிறேன். பாடல்களில் ஓரெழுத்தையும் திருத்துவதில்லை. அச்சில் வந்த தொகுப்புகளோடு ஒப்பிடவேண்டுமென்றால் அங்கேதான் தடை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை மின்பிரதி செய்து பெரும்பணி புரிந்துவருகிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் தாளின் படங்கள். படத்தின்முன் என் வண்டு மௌனம் சாதிக்கிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகளும் தமிழுக்கு வந்திருக்கின்றன. பழைய அச்சில் ணகரமும் னகரமும் மயங்கி, றாவும் னாவும் பழைய உருவில் நின்று, வருவது பாதி சோறு பாதி கல். தம்பி அதற்கும் ஏதோ வழி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கட்டுரையைத் தட்டியதும் யானே. வழியில் மூன்று முறை பொறி என்னைத் திருத்தியது. இரண்டு முறை நான் அதைத் திருத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளில் இப்போது நாற்பத்தேழாவதில் நிற்கிறேன். அது கங்காணியை ஏசும் பாட்டு. ஒரு வசைச்சொல் எனக்கு விளங்கவில்லை. எழுத்துப் பிழையோ, உண்மையிலேயே அப்படியொரு வசை உண்டோ தெரியவில்லை. கீழ் லயத்தில் தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி இருக்கிறார். சனிக்கிழமை தம்பி வந்ததும் இருவருமாகக் கோலைத் தட்டிக்கொண்டு இறங்கிப்போய்க் கேட்டுவருவதாக ஏற்பாடு.